கிருமியின் பசியும் நம் பசியும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



ஊராட்சிப் பயிற்சி முகாம் என்றால் சாலை, குடிநீர், தெருவிளக்கு, வரி வசூல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள் சற்று வேறானது. தொற்றுநோய்க் கிருமிகளுக்கும் அமினோ அமிலங்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நான் பேச வேண்டும். பெயரைக் கேட்டதும், இது கல்லூரி மாணவர்களுக்கு உரிய விஷயம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உண்மையில் இது நம் அடுப்படிக்கும் நம் வயல் வரப்புக்கும் உரிய விஷயமேயாகும்.

வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், அவருக்கு என்ன உணவு கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்ற கேள்வி உடனே எழுகிறது. 'லங்கணம் பரம ஔஷதம்' என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நோயாளியைப் பட்டினி போட்டால் நோயும் பட்டினி கிடந்து ஓடிவிடும் என்பது அதன் கருத்து. செரியாமையால் வந்த வயிற்றுக் கோளாறுக்கு ஒரு வேளை பட்டினி நன்மை செய்யக்கூடும். ஆனால் மாதக்கணக்கில் உடலை அரிக்கும் நோய்க்கும் இதே விதியைப் பொருத்தி, பருப்பு ஆகாது, முட்டை சூடு, நிலக்கடலை பித்தம் என்று ஒவ்வொன்றாக விலக்கி, வெறுங்கஞ்சியோடு நோயாளியை நிறுத்திவிடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. இது சரியா என்பதைக் காசநோயை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். முன்னாளில் க்ஷயம் என்று அழைக்கப்பட்டதும் இந்நோய்தான். 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேருக்கு இந்நோய் கண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு 26 பேர் நம் இந்திய நாட்டினர். ஆகையால் இது நமக்கு அயலாரின் கதையன்று.

அமினோ அமிலம் என்பது யாது?

பருப்பு, பால், முட்டை, மீன் முதலியவற்றில் புரதம் இருக்கிறது என்பதை அனைவரும் அறிவீர்கள். அந்தப் புரதம் ஒரே பொருளன்று. சிறுசிறு அலகுகள் சங்கிலிபோலக் கோக்கப்பட்டு உண்டானது. அந்த அலகுகளுக்குத்தான் அமினோ அமிலங்கள் என்று பெயர். அவை 20 வகைப்படும். சில எழுத்துகளை வெவ்வேறு வரிசையில் அமைத்து ஆயிரக்கணக்கான சொற்களை உண்டாக்குவதுபோல், இந்த 20 அமிலங்களையே வெவ்வேறு வரிசையில் கோத்து, தசை, தோல், குருதி, செரிமான நீர் என ஆயிரக்கணக்கான புரதங்களை உடல் ஆக்கிக்கொள்கிறது. எழுத்துகளில் ஒன்று குறைந்தால் சில சொற்களை எழுத இயலாது. அவ்வாறே ஓர் அமிலம் குறைந்தாலும் அது சேரவேண்டிய புரதம் முழுமை பெறாது.

இந்த 20 வகைகளில் பலவற்றை நம் உடலே செய்துகொள்ள வல்லது. ஆனால் 9 வகைகளை நம் உடலால் செய்ய முடியாது. அவை உணவின் வழியாகவே வந்தாக வேண்டும். லைசின், மெத்தியோனின், டிரிப்டோபேன் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். இம்மூன்று பெயர்களும் இனிவரும் பேச்சில் மீண்டும் வரும்.

விவசாயிகளுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். பயிருக்குத் தழைச்சத்து எத்தனை முக்கியம் என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் மிகுதியாக உள்ள தழைச்சத்தைப் பயிர் நேராக எடுத்துக்கொள்ள இயலாது. உளுந்து, பச்சைப்பயறு, துவரை, நிலக்கடலை ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் அதைப் பிடித்துச் செடிக்கு உதவுகிறது. அந்தத் தழைச்சத்தைக் கொண்டே செடி அமினோ அமிலங்களைச் செய்து, விதையில் புரதமாகச் சேர்த்து வைக்கிறது. பயறு வகைகளில் புரதம் மிகுந்திருப்பதன் இரகசியம் இதுவே. ஆகவே நுண்ணுயிர்கள் யாவும் நமக்குப் பகையல்ல. வேர் முடிச்சில் வாழ்வது நமக்குச் சோறிடுகிறது. நுரையீரலில் புகுந்தது உடலை அரிக்கிறது.

போர்க்களத்தில் உடல்

நோய்க்கிருமி உடலில் புகுந்தவுடன், உடல் அதனோடு போரிடத் தொடங்குகிறது. வெள்ளையணுக்கள் விரைந்து பெருக வேண்டும். கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் உண்டாக வேண்டும். இவை அனைத்தும் புரதத்தால் ஆனவை. ஆகவே அமைதிக் காலத்தைவிடப் போர்க்காலத்தில் உடலுக்கு அமினோ அமிலங்கள் மிகுதியாக வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் இருக்கிறது. நெல்லைச் சேமிக்க வீட்டில் குதிர் உண்டு. அதுபோல், மிஞ்சிய உணவைக் கொழுப்பாக மாற்றித் தோலுக்கடியில் சேமித்து வைக்க உடலுக்கு வழி உண்டு. ஆனால் புரதத்தைச் சேமிப்பதற்கென்று உடலில் தனிக்குதிர் கிடையாது. போர்க்காலத்தில் உணவின் வழியாகப் போதிய புரதம் வராவிட்டால், உடல் தன் தசையையே கரைத்து அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்கிறது. பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்திச் சமைப்பதற்கு ஒப்பானது இது. இன்றைய பசி தீரும். அடுத்த போகத்திற்கு விதை இராது. காசநோயாளியின் தோளும் தொடையும் மெலிந்து, கன்னம் ஒட்டிப்போவதற்கு ஒரு முக்கிய காரணம் இதுதான். பசி குறைவதும் இதோடு சேர்ந்துகொள்ள, உடல் மேலும் தளர்கிறது. தளர்ந்த உடலில் நோய் முற்றுகிறது; நோய் முற்றினால் உடல் மேலும் தளர்கிறது. இச்சுழலை அறுத்தாக வேண்டும்.

கிருமியைப் பட்டினி போட இயலுமா?

காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்த செய்தியை, ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் வெளியிட்டார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே நம் உடலில் ஒருவகை வெள்ளையணுக்கள் உண்டு. காசக்கிருமியோ அந்த அணுவின் உள்ளேயே குடியேறி வாழும் தந்திரத்தைக் கற்றிருக்கிறது. காவற்காரன் வீட்டிலேயே கள்வன் தங்குவது போன்றது இது.

அணுவுக்குள் புகுந்த கிருமியை வெளியேற்ற, உடலும் ஓர் உபாயத்தைக் கையாளுகிறது. அந்த அணுவில் உள்ள டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை உடலே சிதைத்துத் தீர்த்துவிடுகிறது. பகைவன் படையெடுத்து வரும் வழியில் உள்ள கிணறுகளைத் தூர்த்துவிடுவதற்கு இதை ஒப்பிடலாம். டிராக்கோமா என்னும் கண்நோயை உண்டாக்கும் கிளமிடியா என்ற கிருமிக்கு டிரிப்டோபேனைத் தானே செய்துகொள்ளும் திறமை இல்லை. ஆதலால் அக்கிருமி இந்த உபாயத்தால் வளர்ச்சி குன்றிப்போகிறது. ஆனால் காசக்கிருமியின் செய்தி வேறு. அதற்குத் தேவையான 20 அமினோ அமிலங்களையும் தானே செய்துகொள்ளும் வல்லமை அதனிடம் இருக்கிறது. வெளியில் கிணற்றைத் தூர்த்தால், அது தன் கொல்லையிலேயே கிணறு வெட்டிக்கொள்கிறது. 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாக எடுத்துக்காட்டிற்று. டிரிப்டோபேனைச் செய்யும் திறமையைக் கிருமியிடமிருந்து பறித்துவிட்டால், தோற்றுப்போயிருந்த உடலின் உபாயம் மீண்டும் பலிக்கிறது என்பதையும் அந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். புதிய மருந்துகளைத் தேடுவோருக்கு இது ஒரு வழிகாட்டி.

தானே செய்துகொள்ள வல்லதாயினும், கையருகே கிடைப்பதை இக்கிருமி விட்டுவிடுவதும் இல்லை. நம் உடலில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைப் பிளந்து, அதிலிருந்து தனக்கு வேண்டிய தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. அப்போது வெளியாகும் அம்மோனியாவைக் கொண்டு, தன்னை அழிப்பதற்காக அணு சுரக்கும் அமிலத்தையும் முறித்துக்கொள்கிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கும் சாமர்த்தியம் இக்கிருமிக்கு இருக்கிறது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்று. நாம் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடுவதனால் காசக்கிருமி பட்டினி கிடக்காது. அதற்கு நம் சமையலறையை எதிர்பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 9 அமினோ அமிலங்களுக்குச் சமையலறையை எதிர்பார்த்து நிற்பது நம் உடல்தான். ஆகவே நோயாளியைப் பட்டினி போடுவதென்பது, கோட்டைக்குள் இருக்கும் நம் வீரர்களுக்குச் சோற்றை நிறுத்துவதற்குச் சமமாகும்.

உணவு மட்டும் போதுமா?

அப்படியானால் நல்ல உணவு கொடுத்தாலே நோய் தீர்ந்துவிடுமா என்று கேட்கலாம். தீராது. இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல விரும்புகிறேன். காசக்கிருமியைக் கொல்வது மருந்து ஒன்றுதான்.

சில மருந்துகளின் செயலில்கூட அமினோ அமிலங்களுக்கு இடம் உண்டு. வலக்கையும் இடக்கையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், ஒரு கையின் உறை மறு கைக்குப் பொருந்துவதில்லை அல்லவா? அமினோ அமிலங்களிலும் அவ்வாறு வலது, இடது என இரு வடிவங்கள் உண்டு. நம் உடலின் புரதங்களில் இருப்பவை இடது வடிவத்தைச் சேர்ந்தவை. பாக்டீரியாக்களோ தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் மதிற்சுவரில் அலனின் என்ற அமிலத்தின் வலது வடிவத்தையும் செங்கல்லாக வைத்துக் கட்டுகின்றன. சைக்ளோசெரின் என்ற மருந்து இந்த வலது அலனினைப் போன்ற உருவம் உடையது. கிருமி ஏமாந்து அதை ஏற்க, மதில் கட்டும் வேலை தடைப்படுகிறது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இம்மருந்து பயன்பட்டு வந்திருக்கிறது. நம் உடலின் அணுக்களுக்கு இத்தகைய மதில் கிடையாது. ஆகவே பகைவனுக்கு மட்டும் உரிய இடத்தைப் பார்த்து அடிப்பது எளிதாகிறது.

மருந்தின் ஆற்றலை உலகுக்கு ஐயமற நிலைநாட்டியது நம் சென்னை நகரம் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் ஒன்றுகூடின. அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்னும் விடுதியில் மாதக்கணக்கில் படுத்திருந்து, நல்ல காற்றும் நல்ல உணவும் பெற வேண்டும் என்பதே மருத்துவர்களின் கருத்தாக இருந்தது. நோயாளிகளின் தொகையோ மிகப் பெரிது. விடுதிப் படுக்கைகளோ மிகச் சில. எனவே சென்னை நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை விடுதியிலும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டுக் காலம் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 1959இல் வெளியாயிற்று. நெருக்கடியான வீடுகளில், எளிய உணவை உண்டு, மருந்தைத் தவறாமல் உட்கொண்டவர்களும், விடுதியில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகவே குணம் அடைந்தனர். இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றி அமைத்தது. அந்த நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

இந்த முடிவைச் சிலர் தவறாகவும் பொருள் கொண்டனர். உணவு எளியதாக இருந்தபோதும் நோய் குணமாயிற்று என்றால், உணவைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று எண்ணியவர்கள் உண்டு. அச்சோதனை காட்டியது அதுவன்று. நல்ல உணவு கிடைக்காத ஏழைக்கும் மருந்து பலிக்கும் என்பதே அது காட்டிய உண்மை. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுப்பதில் உணவு என்ன செய்யும் என்ற கேள்விக்கு விடை காண, இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஜார்க்கண்டு தந்த விடை

அந்த விடை ஜார்க்கண்டு மாநிலத்திலிருந்து வந்தது. 2019ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரை அம்மாநிலத்தின் 4 மாவட்டங்களில் ஒரு பெருஞ்சோதனை நடைபெற்றது. சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. 2,800 காசநோயாளிகளும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் இதில் சேர்ந்தனர். நோயாளிகள் அனைவருக்கும் மருந்துடன் மாதந்தோறும் உணவுப் பொருளும் அளிக்கப்பட்டது. அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் ஆகியவை அதில் இருந்தன. நாளொன்றுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் அதிலிருந்து கிடைக்கும். வீட்டில் உள்ள மற்றவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் தலைக்கு நாளொன்றுக்கு 750 கலோரியும் 23 கிராம் புரதமும் கிடைக்கும் வகையில் அரிசியும் பருப்பும், அவற்றோடு நுண்சத்து மாத்திரைகளும் கொடுத்தனர். மற்றொரு பிரிவினர் தம் வழக்கமான உணவையே உண்டு வந்தனர்.

2023இல் வெளியான முடிவு இதுதான்: உணவுப் பொருள் பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 48 பங்கு, அதாவது ஏறத்தாழப் பாதி குறைந்தது. நோயாளிகளிடையே கண்ட உண்மையும் கவனிக்கத் தக்கது. சிகிச்சை தொடங்கி இரண்டு மாதங்களுக்குள் தம் எடையில் நூற்றுக்கு 5 பங்கு கூடியவர்களுக்கு, இறக்கும் அபாயம் நூற்றுக்கு 61 பங்கு குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ள நோயாளிக்கு இது 2 கிலோ. இவை அரிசிக்கும் பருப்புக்கும் உரிய பலன் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சென்னையின் முடிவையும் ஜார்க்கண்டின் முடிவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நாம் செய்யவேண்டியது விளங்கும். மருந்து கிருமியைக் கொல்லும். உணவு உடலைக் காக்கும். அண்டை அயலில் இருப்போரையும் காக்கும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

எந்த உணவு? எவ்வளவு?

நம் முன்னோர் சோற்றோடு பருப்பைச் சேர்த்ததில் ஓர் அறிவு இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதை ஈடுசெய்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இட்லி, தோசை, பொங்கல், அடை, சாம்பார் சாதம் ஆகிய அனைத்தும் இவ்வகைக் கூட்டுறவுதான்.

ஆனால் அளவில்தான் நாம் பின்தங்கி இருக்கிறோம். நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு கிடைக்கிறது. நால்வர் உள்ள குடும்பத்தில் இதைப் பகிர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பே வரும். அதில் உள்ள புரதம் 2 கிராமுக்கும் குறைவு. சோறும் பருப்பும் முக்கியமாக உண்ணும் நம்மவர்களுக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 1 கிராம் புரதம் வேண்டும். காசநோயாளிக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும். 45 கிலோ எடையுள்ள நோயாளிக்கு இது 54 முதல் 68 கிராம் வரை ஆகும்.

இதை எவ்வாறு நிரப்புவது? 400 கிராம் அரிசியில் ஏறத்தாழ 28 கிராம் புரதம் இருக்கிறது. 60 கிராம் பருப்பில் 13 கிராம். 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஆக 54 கிராம் ஆயிற்று. இதற்குமேல் ஒரு குவளைப் பாலோ, தயிரோ, சிறிது மீனோ, இன்னொரு கைப்பிடி சுண்டலோ சேர்ந்தால் தேவை பூர்த்தியாகிவிடும். புலால் உண்ணாதவர்கள் முட்டைக்குப் பதிலாகப் பாலையும் பயறையும் கூட்டிக்கொள்ளலாம். சோற்றின் அளவையும் குறைக்கலாகாது. சோறு போதாவிட்டால், உடல் புரதத்தையே அடுப்பில் விறகாக எரித்துவிடும். சிறுநீரக நோய் போன்ற வேறு நோய்களும் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை அமைத்துக்கொள்ள வேண்டும்.

கடைகளில் அமினோ அமிலப் பொடி, டானிக் என்ற பெயர்களில் விலையுயர்ந்த புட்டிகள் விற்கப்படுகின்றன. மருந்துக் கடைக்குப் போகும் ஏழைக் குடும்பம் கடன்பட்டு இதை வாங்குவதும் உண்டு. ஆர்ஜினின் என்ற ஓர் அமினோ அமிலத்தைத் தனியாகக் கொடுத்தால் காசநோய் விரைவில் குணமாகுமா என்று இந்தோனேசியாவின் பப்புவாவில் சோதித்துப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டனர். குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. தனியொரு செங்கல்லை மட்டும் குவித்து வைத்து வீடு கட்ட இயலாது என்பது கொத்தனார் அறிந்த செய்தி. அந்தப் புட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பருப்பும் கடலையும் முட்டையும் வாங்குவதே அறிவுடைமை.

ஊராட்சி செய்யவேண்டியவை

இனி நம் கடமைகளுக்கு வருவோம்.

முதலாவது, நோயை விரைவில் கண்டுபிடித்தல். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது இருப்பினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளத் தூண்ட வேண்டும். 2023இல் தொடங்கப்பட்ட காசநோயற்ற ஊராட்சித் திட்டத்தின்படி, 1,000 மக்கள் உள்ள இடத்தில் ஆண்டுக்கு 30 பேரையேனும் பரிசோதிக்க வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இரண்டாவது, மருந்து இடையில் நிற்காமல் பார்த்தல். சில வாரங்களில் இருமல் தணிந்ததும் மருந்தை விட்டுவிடுவது பெருந்தவறு. மிஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். வீட்டில் உள்ள மற்றவர்களையும் பரிசோதித்து, மருத்துவர் கொடுத்தால் தடுப்பு மாத்திரைகளையும் உட்கொள்ளச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, உணவு உதவி உரியவருக்குப் போய்ச் சேருதல். காசநோயாளியின் உணவுக்காக 2018ஆம் ஆண்டு முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு, 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது வங்கிக் கணக்கில் நேராகச் சேரும். கணக்கு இல்லாத கூலித் தொழிலாளிக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பது உறுப்பினர் ஒருவர் அரை நாளில் செய்யக்கூடிய உதவி. பணத்தோடு பருப்பும் வேண்டும். நோயாளிக்கு உணவுப் பொருள் வழங்க முன்வரும் கொடையாளரைப் பதிவு செய்யும் ஏற்பாடு 2022 முதல் இருந்து வருகிறது. ஊரில் உள்ள வசதி படைத்தோர், கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு ஆகியோரை இதில் சேர்க்கலாம். வீட்டார் அனைவருக்கும் போதும்படியாகக் கொடுக்க வேண்டும். ஏனெனில் தாய்க்குக் கொடுத்த முட்டை பிள்ளையின் தட்டுக்குப் போவதே நம் வீடுகளின் இயல்பு.

நான்காவது, எடை பார்த்தல். மாதம் ஒரு முறை நோயாளியின் எடையைக் குறித்துவைக்க வேண்டும். இரண்டு மாதமாகியும் எடை ஏறாவிட்டால், மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மிகவும் மெலிந்தவர், மூச்சுத் திணறுபவர், பிறர் துணையின்றி நிற்க இயலாதவர் ஆகியோரை உடனே மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றும் முறையை, 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் வகுத்துத் தந்திருக்கிறது. அத்தகையோரைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

ஐந்தாவது, மானத்தைக் காத்தல். கிராம சபையில் நோயைப் பற்றிப் பேசுங்கள்; நோயாளியின் பெயரைப் படிக்காதீர்கள். பெயர் வெளியானால் பெண்ணுக்கு வரன் தடைப்படும், கூலி வேலை போகும் என்று அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றனர். மறைத்த நோய் மற்றவர்க்கும் பரவுகிறது.

ஆறாவது, விவசாயிகளுக்கு உரியது. சம்பா அறுவடைக்கு முன்பே வயலின் ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது நம் டெல்டாப் பகுதிகளில் நெடுநாளைய வழக்கம். வரப்பிலும் உளுந்து, துவரை விதைக்கலாம். ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்தால் வேர் முடிச்சுகள் பெருகும். மண்ணுக்கும் தழைச்சத்து சேரும். விளைந்த பயறு முழுவதையும் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிடாமல், வீட்டுக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய பயறை முதலில் எடுத்து வையுங்கள். வேலைக்கு வரும் ஆட்களுக்குக் கூலியோடு ஒரு படி பயறும் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் ஏற்பட்டால், அது சேரி வரையிலும் புரதத்தைக் கொண்டு சேர்க்கும்.

நண்பர்களே, மருந்து கொடுப்பது மருத்துவரின் பொறுப்பு. நோயாளியின் தட்டில் பருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது ஊரின் பொறுப்பு. நம் ஊராட்சியில் இப்பொழுது சிகிச்சை பெறும் குடும்பங்கள் எத்தனை, அவர்களுக்கு உதவித்தொகை வருகிறதா, சென்ற மாதம் எடை ஏறியதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையை, ஊர் திரும்பியதும் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில், பெயர்களை விட்டுவிட்டு, அந்த விடைகளை மட்டும் என்னிடம் கொண்டு வாருங்கள். குறைகள் இருப்பின் நாம் ஒன்றாக அமர்ந்து தீர்ப்போம்.